பெர்லினில் ஒரு விரால் மீன்: அருங்காட்சியக மாதிரிகளை வீட்டிலிருந்தே தேடிப் படிப்பது எப்படி

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போய்வந்தவர்கள் பெரும்பாலும் நீலத் திமிங்கில எலும்புக்கூட்டுக்கு முன்னால் நின்று எடுத்த படத்தைத்தான் காட்டுவார்கள். ஆராய்ச்சி நடக்கிற இடம் அதுவல்ல, பின்கட்டு. அங்கே இழுப்பறைகளிலும் புட்டிகளிலும் சுமார் 8 கோடி மாதிரிகள், அதாவது சேகரித்துப் பாதுகாத்து வைத்த விலங்கு, செடி, கல் போன்றவை, இருக்கின்றன. உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். சேலஞ்சர் என்ற கப்பல் 1872 முதல் 1876 வரை உலகம் சுற்றிக் கடலடிச் சேற்றை அள்ளிக்கொண்டு வந்தது. அந்தச் சேற்றில் இருந்த நுண்ணுயிர் ஓடுகளை, 2009-க்குப் பிறகு தாரா என்ற கப்பல் பசிபிக்கில் சேகரித்த ஓடுகளோடு இந்த அருங்காட்சியக விஞ்ஞானிகள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இன்றைய ஓடுகள் எல்லாமே மெலிந்திருந்தன, ஓர் இனத்தில் 76 சதவீதம் வரை. கடல் அமிலமாகிக்கொண்டு வருவதை இதோடு சேர்த்துத்தான் பார்க்கிறார்கள். சேற்றை யாரோ பத்திரமாக வைத்திருந்ததோடு, எந்த இடத்தில் எந்த நாளில் அள்ளியது என்றும் எழுதி வைத்திருந்ததால்தான் இது முடிந்தது.

இந்த மாதிரிகளின் விவரங்களில் ஒரு பகுதி இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. ஆராய்ச்சியாளராக இருக்க வேண்டிய அவசியமில்லை, கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

முதலில் ஜிபிஐஎஃப் தளத்துக்குப் போங்கள். உலகம் முழுக்க உள்ள அருங்காட்சியகங்களின் பதிவுகளும் மக்கள் நேரில் பார்த்துக் குறித்த பதிவுகளும் அங்கே ஒன்றாகச் சேர்கின்றன, மொத்தம் 200 கோடிக்கும் மேல். உங்களுக்குத் தெரிந்த ஓர் உயிரியிலிருந்து தொடங்குவது நல்லது. நான் விராலை எடுத்துக்கொண்டேன், அறிவியல் பெயர் சன்னா ஸ்ட்ரையாட்டா. பெயரைப் போட்டதும் வந்து குவிகிறவற்றில் நிறைய, யாரோ வயலோரத்தில் போனில் எடுத்துப் போட்ட படங்கள். அவை தேவையில்லை என்றால் 'பேசிஸ் ஆஃப் ரெக்கார்டு' என்ற வடிகட்டியில் 'ப்ரிசர்வ்டு ஸ்பெசிமன்' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். புதைபடிவம் வேண்டுமானால் அதற்குத் தனியாக 'ஃபாசில் ஸ்பெசிமன்' இருக்கிறது. இந்த ஒரு சொடுக்கைப் பலர் மறந்துவிட்டு, அப்புறம் எல்லாமே குழப்பமாக இருக்கிறதே என்கிறார்கள்.

அடுத்தது பழைய பெயர்கள். பெர்லினில் இருந்த ப்ளாக் என்ற மருத்துவர் 1793-இல் விராலுக்கு ஒபிசெபலஸ் ஸ்ட்ரையாட்டஸ் என்று பெயர் வைத்தார். தரங்கம்பாடியில் இருந்த ஜான் என்ற மிஷனரி அவருக்கு நம் கடற்கரையிலிருந்து மீன்களை அனுப்பிக்கொண்டிருந்தார், ப்ளாக்கின் தொகுப்பு இன்றும் பெர்லின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில்தான் இருக்கிறது. இதில் எனக்குப் பிடித்த சங்கதி, 1801-இல் லாசெபேட் என்ற பிரெஞ்சுக்காரர் இதே மீனுக்கு வைத்த பெயர்: ஒபிசெபலஸ் வ்ரால். ஆமாம், நம்ம விரால்தான்! பக்கத்து இனமான குறவைக்கும் அவர் 'கர்ருவெய்' என்று வைத்தார். இந்தப் பெயர்கள் நிலைக்கவில்லை, ஆனால் பழைய பெயர்ப் பட்டியலில் இன்னும் இருக்கின்றன. அதனால் அருங்காட்சியகங்களின் சொந்தத் தளங்களில் தேடும்போது இன்றைய பெயரை மட்டும் போட்டுவிட்டு ஒன்றும் இல்லை என்று திரும்பிவிடாதீர்கள். பழைய பெயர்களையும், ஒபிசெபலஸை ஒபியோசெபலஸ் என்று எழுதும் வழக்கத்தையும் சேர்த்துப் போட்டுப் பாருங்கள்.

மாதிரி கிடைத்துவிட்டதா? சரி, இப்போதுதான் உண்மையான வேலை. மாதிரியோடு சேர்த்து வைத்திருக்கும் சீட்டைப் படிக்க வேண்டும், படம் இருந்தால் படத்திலேயே பெரிதாக்கிப் படியுங்கள், தட்டச்சு செய்தவர் தவறு செய்திருக்கலாம். 'லெக்' என்று போட்டிருந்தால் அதற்குப் பின் வருவது சேகரித்தவர் பெயர், 'டெட்' என்றால் இனத்தை அடையாளம் கண்டவர் பெயர், இரண்டும் ஒரே ஆளாக இருக்க வேண்டியதில்லை. பல சீட்டுகளில் தேதியின் நாளும் ஆண்டும் சாதாரண எண்ணிலும் மாதம் மட்டும் ரோமன் எண்ணிலும் இருக்கும். எது நாள், எது மாதம் என்ற குழப்பம் வராமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. லண்டன் பூச்சித் தொகுப்பில் சிவப்பு விளிம்பு போட்ட சிறிய வட்டச் சீட்டைப் பார்த்தால் உற்றுக் கவனியுங்கள், அது ஓர் இனத்துக்குப் பெயர் வைக்க ஆதாரமாக இருந்த 'டைப்' மாதிரி.

தேதி விஷயத்தில் ஒரு பொறி இருக்கிறது. மதராஸ் மாகாணத்தில் 1853 வரை வேலை பார்த்த ராபர்ட் வைட் சேகரித்த செடிகளின் தாள்கள் உலகெங்கும் உள்ள ஹெர்பேரியங்களில், அதாவது உலர்த்திய செடிகளைத் தாளில் ஒட்டிச் சேர்த்து வைக்கும் இடங்களில், கிடக்கின்றன. அவற்றில் பலவற்றில் அச்சாகியிருக்கும் ஆண்டு 1866-7. அது செடியைப் பறித்த ஆண்டு அல்ல, லண்டனிலுள்ள கியூ தாவரவியல் தோட்டத்திலிருந்து தாள்களைப் பிரித்து அனுப்பிய ஆண்டு. பூக்கும் காலம் மாறியிருக்கிறதா என்று பார்க்கிறவர் இதை அப்படியே எடுத்துக்கொண்டால் கணக்கு மொத்தமும் போச்சு. இடமும் அந்தத் தாள்களில் பெரும்பாலும் 'இந்தியத் தீபகற்பம்' என்ற அளவில்தான் இருக்கும். அவ்வளவு உழைத்த மனிதர் கிராமத்தின் பெயரையும் எழுதியிருக்கக் கூடாதா என்று எனக்கு ஒவ்வொரு தடவையும் எரிச்சல் வரும்.

இடப்பெயரில் நம்மவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ட்ராங்கபார் தரங்கம்பாடி, புல்னீஸ் என்றால் பழனி மலை, ஷெவராய்ஸ் சேர்வராயன் மலை என்று நாம் சட்டென்று பிடித்துவிடுவோம், ஐரோப்பாவில் உட்கார்ந்து பதிவு செய்கிறவர் திணறுவார். ஆனால் 'மெட்ராஸ்' என்று பார்த்ததும் சென்னை என்று எழுதிவிடாதீர்கள். நான் அப்படிக் குறித்துவைத்துப் பிறகு மொத்தத்தையும் அழித்திருக்கிறேன். அது மலபாரும் கடலோர ஆந்திராவும் சேர்ந்த முழு மாகாணமாகவும் இருக்கலாம். சேகரித்தவர் அந்த மாதம் எங்கே இருந்தார் என்று அவருடைய மற்ற மாதிரிகளை வைத்துப் பார்த்தால் பல சமயம் விடை கிடைக்கும். வரைபடத்தில் புள்ளி இருக்கிறதே என்று நம்பவும் வேண்டாம். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் பூஜ்ஜியமாக இருந்தால் புள்ளி ஆப்பிரிக்காவுக்குப் பக்கத்தில் கடலில் விழும், நாட்டின் பெயர் மட்டும் தெரிந்தால் சிலர் நாட்டின் நடுவில் ஒரு புள்ளி வைத்துவிடுவார்கள். புள்ளி எவ்வளவு தூரம் தள்ளியிருக்கலாம் என்று சொல்லும் 'அன்சர்ட்டன்ட்டி' என்ற பகுதியில் எத்தனை மீட்டர் என்று பாருங்கள், காலியாக இருந்தால் இன்னும் கவனம்.

தவறு கண்டுபிடித்தால் அந்த மாதிரியின் பதிவு எண்ணைக் குறிப்பிட்டு அருங்காட்சியகப் பொறுப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள், நான்கு வரி போதும். படம் இல்லாத மாதிரிக்குப் படம் கேட்பதும் இப்படித்தான். 'உங்களிடம் உள்ள இந்திய மீன் எல்லாவற்றையும் அனுப்புங்கள்' என்று எழுதினால் பதில் வராது, ஒன்றோ இரண்டோ எண் சொல்லிக் கேளுங்கள்.

நேரில் பார்க்க ஆசைப்பட்டால் லண்டன் வரை போக வேண்டாம். செடி என்றால் மெட்ராஸ் ஹெர்பேரியம் இருக்கிறது, பதிவுகளில் எம்எச் என்ற குறியீட்டோடு வரும். முன்கூட்டியே எழுதி அனுமதி வாங்கிக்கொள்ளுங்கள். பெயரைப் பார்த்துவிட்டுச் சென்னைக்கு டிக்கெட் எடுத்துவிடாதீர்கள், அது இருப்பது கோயம்புத்தூரில்.