காம்பவுண்ட் வில்லில் குட்டை அம்பு: ஓவர்டிரா பொருத்தும் முறை

காம்பவுண்ட் வில்லில் (நுனிகளில் சக்கரம் உள்ள வில்) அம்பு குட்டையானால் எடை குறையும், வேகம் கூடும். ஓவர்டிரா தகட்டை ரைசரில் (வில்லின் நடுப்பகுதி) ரெஸ்ட்டுக்கான (அம்பைத் தாங்கும் பாகம்) துளையில் முடுக்கி, ரெஸ்ட்டை நாண் பக்கமாகப் பின்னுக்கு நகர்த்துங்கள்; அப்போதுதான் குட்டை அம்பு எட்டும். வெட்டாத நீள அம்பைப் பூட்டி, இலக்கை நோக்கியே முழுக்க இழுங்கள். பக்கவாட்டில் நிற்பவர் வெட்டவேண்டிய இடத்தை அம்பில் குறியிடட்டும். வெட்டியபின் அம்பு ரெஸ்ட்டைத் தாண்டி முன்னால் 1 அங்குலமாவது நீண்டிருக்க வேண்டும். இதில் கஞ்சத்தனமே கூடாது: ரெஸ்ட்டிலிருந்து நழுவிய அம்பு கையைத் துளைத்துவிடும்.

கார்பன் தண்டை அதிவேக அறுப்பு வட்டில்தான் வெட்டவேண்டும். குழாய் வெட்டும் கருவி கார்பன் நாரைப் பிளக்கும். குட்டையான தண்டு விறைப்பாகும், எனவே ஒரு படி இளகிய ஸ்பைன் (தண்டின் விறைப்பு அளவு) எடுங்கள்.

அம்பின் மொத்த எடை, இழுவிசை 1 பவுண்டுக்கு 5 கிரெயினுக்கு (அம்பு எடையின் அலகு) கீழே இறங்கவேண்டாம். 60 பவுண்டு வில்லுக்கு முனை, இறகு சேர்த்து 300 கிரெயின். அதைவிட லேசானால் மிச்ச விசை லிம்பையும் (வளையும் கை) கேமையும் (நுனிச் சக்கரம்) தாக்கும். உங்கள் வில்லின் கையேடு கூடுதலாகக் கேட்டால் அதுவே கணக்கு.

பிடியைத் தளர்வாக வையுங்கள். ஓவர்டிராவில் மணிக்கட்டின் சிறு முறுக்கும் அம்பை விலக்கும்.