காருக்குள் பிளாஸ்டிக்கில் கீறலா? முதலில் நகத்தால் தடவிப் பாருங்கள்

கதவின் உள்பக்கம், டிக்கி ஓரம், ஏறி இறங்கும்போது ஷூ உரசும் பட்டை. காருக்குள் கீறல் விழுவது பெரும்பாலும் இங்கேதான். முதலில் சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்துக் காயவிடுங்கள். கீறல் என்று நினைத்த சில கோடுகள் ஷூ உரசி ஒட்டிய கறைதான், துடைத்தாலே போய்விடும்.

மிச்சமிருப்பதை நகத்தால் தடவுங்கள். நகம் மாட்டவில்லை, வெளுத்த கோடு மட்டும்தான் என்றால் ஹேர் டிரையரே பல சமயம் போதும். பெயின்ட் அடிக்காத சொரசொரப்பான பிளாஸ்டிக்குக்கு இது ஏற்ற வழி. ஒரே இடத்தில் பிடிக்காமல், அசைத்துக்கொண்டே சூடு காட்டுங்கள். பிளாஸ்டிக் லேசாக இளகும்போது வெள்ளைக் கோடு மெல்ல மங்கும். அந்த இடம் பளபளக்க ஆரம்பித்தால் உடனே நிறுத்திவிடுங்கள். சொரசொரப்பு உருகி வழவழப்பாகிவிட்டால், அதைச் சரிசெய்வது கீறலைவிடப் பெரிய தலைவலி. ஹேர் டிரையரைவிட அதிகச் சூடான காற்றை ஊதும் ஹீட் கன் என்றால் இன்னும் கவனம் வேண்டும். ஏர்பேக் இருக்கும் பக்கம் சூடே காட்டாதீர்கள்.

நகம் மாட்டும் ஆழமான கீறல் சூட்டில் முழுசாக மறையாது. உப்புத்தாள் போட்டுத் தேய்க்கும் ஆசையும் வேண்டாம், அந்த இடம் தனியாகத் தெரியும். கழற்றக்கூடிய பாகம் என்றால் மாற்றிவிடுவதே மேல்.

கண்ணாடி போல மின்னும் கறுப்புப் பட்டைகளுக்குச் சூடு சரிவராது. பிளாஸ்டிக் பாலிஷைக் கொஞ்சமாக மைக்ரோஃபைபர் துணியில் எடுத்து, அழுத்தாமல் தேய்த்தால் மெல்லிய கோடுகள் மறையும்.