செவலைக் கடுவனுக்குக் கருப்புக் குட்டியா? பூனை நிறத்தில் நாம் செய்யும் தவறுகள்

குன்னூரில் எங்கள் லைன் வீடுகளுக்குப் பின்னால், தேயிலைச் செடிகளுக்கு நடுவே மூன்று பூனைக்குட்டிகள் கிடந்தன. கண் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தால் அதிகம். இரண்டு கருப்புக் கடுவன்கள், கருப்பும் செவலையும் கலந்த ஒரு பெட்டை. கொண்டுவந்து விட்டவரைக் கேட்டதற்கு, "எங்க கடுவன் சுத்தச் செவலை. ஒரு குட்டியாவது அது நிறத்துல இருக்கா? இது வேற எங்கேயோ சேர்ந்து வந்தது" என்றார். அவர் வீட்டுத் தாய்ப்பூனை கருப்பு.

குட்டிகளுக்கு அதிகக் கேடு செய்யும் தவறு இதுதான்: தகப்பன் நிறத்தைக் குட்டியில் தேடுவது. ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிக்கும் குரோமோசோம்கள் (மரபணுக்களைத் தாங்கும் இழைகள்) எக்ஸ், ஒய் என இரண்டு வகை; பெட்டைக்கு இரண்டு எக்ஸ், கடுவனுக்கு ஒரு எக்ஸ், ஒரு ஒய். செவலை நிறத்துக்கான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. ஆண் குட்டிக்கு எக்ஸ் தாயிடமிருந்துதான் வரும். தகப்பன் கொடுப்பது ஒய். ஆகவே கடுவன் எவ்வளவு செவலையாக இருந்தாலும் மகனுக்கு அந்த நிறத்தைத் தர முடியாது. மகளுக்குத் தரும். அவளுக்குத் தாயின் எக்ஸும் சேர்ந்து வருவதால் இரண்டு நிறமும் கலந்து பிறப்பாள். மாற்றிப் பாருங்கள்: தாய் செவலை, தகப்பன் கருப்பு என்றால் ஆண் குட்டிகள் எல்லாம் செவலை.

அப்படியானால் அந்தப் பெட்டைக்குட்டிக்குச் செவலை எங்கிருந்து வந்தது? கருப்புத் தாயிடம் அது இல்லை. தகப்பன் செவலை என்பதற்கு அந்தக் குட்டியே சாட்சி. அதையும் சேர்த்துத்தான் காட்டில் விட்டிருந்தார்.

தாயின் நிறத் திட்டுகள் மகளுக்கு அப்படியே வரும் என்று காத்திருப்பதும் வீண். பெட்டையின் உடலில் ஒவ்வொரு உயிரணுவிலும் இரண்டு எக்ஸில் ஒன்று அடங்கிவிடுகிறது என்று 1961-இல் பிரிட்டிஷ் மரபியல் அறிஞர் மேரி லயன் விளக்கினார். அடங்காத எக்ஸ் எதுவோ அதன் நிறம்தான் அந்த இடத்தில் தெரியும். எந்த இடத்தில் எது அடங்கும் என்பது கருவிலேயே தற்செயலாக அமைவது. 2001-இல் அமெரிக்காவில் கருப்பு, செவலை, வெள்ளை கலந்த ஒரு மூவண்ணப் பூனையை அதே மரபணுக்களோடு நகலெடுத்து குளோனிங் செய்தார்கள். பிறந்த குட்டியின் மேல் செவலை மருந்துக்குக்கூட இல்லை.

மூவண்ணக் கடுவன் அபூர்வம் என்று யாராவது இனப்பெருக்கத்துக்கு விலை சொன்னால் வாங்காதீர்கள். அதற்குப் பெரும்பாலும் எக்ஸ் எக்ஸ் ஒய் என மூன்று குரோமோசோம் இருக்கும்; குட்டி போடவைக்கும் திறன் அநேகமாக இருக்காது. இரண்டு கருப்புக்குச் சாம்பல் குட்டி பிறந்தாலும் சந்தேகம் வேண்டாம். நிறத்தை வெளிறச் செய்யும் மரபணு இரண்டு பக்கமும் மறைந்திருந்து ஒன்றுசேர்ந்திருக்கும், அவ்வளவுதான்.

எங்கள் ஊரில் அடிக்கடி வரும் பயம் இன்னொன்று. கோயம்புத்தூரிலிருந்து வாங்கிவந்த சயாமீஸ் பூனை, மலைக்கு வந்தபின் கருத்துப்போகிறது என்று மருந்து தடவுகிறார்கள். நோய் இல்லை. அந்தப் பூனையில் கருநிறத்தை உண்டாக்கும் நொதி சூட்டில் வேலை செய்யாது, குளிர்ந்த தோலில்தான் வேலை செய்யும். அதனால்தான் காது, மூக்கு, கால், வால் மட்டும் கருப்பு. தாயின் வயிற்றுச் சூட்டிலிருந்து வரும் குட்டி வெள்ளையாக இருப்பதும் அதனால்தான். மார்கழிக் குளிரில் வெளியே சுற்றும் பூனை இன்னும் கருக்கத்தான் செய்யும். கருத்தடைக்காக விலாவில் மழித்த இடத்திலும் முடி கருப்பாக முளைக்கலாம். அடுத்த முறை முடி உதிர்ந்து வளரும்போது பழைய நிறம் திரும்பிவிடும். டாக்டரைக் கோபித்துக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, முழு வெள்ளைப் பூனை. கூப்பிட்டால் திரும்பாது, திமிர் பிடித்தது என்று அடிப்பதைப் பார்த்திருக்கிறேன். முழு வெள்ளையாக்கும் மரபணு காதையும் பாதிக்கக்கூடும். இரண்டு கண்ணும் நீலமாக இருந்தால் பெரும்பாலானவற்றுக்குக் காது கேட்காது. தூங்கும்போது பின்னாலிருந்து கை தட்டிப் பாருங்கள். காது அசையவில்லையென்றால் பொழுது சாய்வதற்குள் வீட்டுக்குள் கொண்டுவந்துவிடுங்கள். இங்கே சிறுத்தை நடமாட்டம் உண்டு. ஜீப் வந்தாலும் அதற்குத் தெரியாது.