கல்லூரி வளாகத்தில் இயேசுவைச் சொல்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வேலூரில் கல்லூரிகள் திறந்து சில வாரம் ஆனதும் மாணவர் ஊழியத்துக்குப் புது ஆட்கள் வந்துவிடுவார்கள். சபையில் பாடகர் குழுவில் இருந்த தம்பி, போன வருஷம் படிப்பை முடித்த தங்கை, வேலை தேடிக்கொண்டே மாலை நேரத்தில் உதவ வருகிறவர்கள். காட்பாடி, பாகாயம், ஓட்டேரி, சேர்க்காடு, எந்தப் பக்கம் போனாலும் ஆர்வத்துக்குக் குறைவில்லை. அவர்கள் செய்கிற தவறுகளும் நாங்கள் அந்த வயதில் செய்தவைதான், அச்சு மாறாமல்.

வகுப்பு நேரத்தில் பேசாதே, வேண்டாம் என்பவன் கையில் கைப்பிரதியைத் திணிக்காதே, சபை மொழியில் பொரிந்து தள்ளாதே என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

அடுத்தவர் சாமியைக் குறை சொல்லித் தொடங்குவது

இதற்கு வேலூரிலேயே பெரிய பாடம் இருக்கிறது. டாக்டர் ராதாகிருஷ்ணன் ஊரிசு கல்லூரியில் படித்தவர். ஆற்காடு மிஷன் நடத்திய கல்லூரி அது. அங்கிருந்து சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிக்குப் போனார். இந்து சமயத்தைப் பற்றிக் கிறிஸ்தவர்கள் சொன்ன குறைகள்தான் தன்னை அதை ஆழ்ந்து படிக்கத் தூண்டின என்று அவரே பின்னாளில் எழுதியிருக்கிறார். அவருக்கு நல்லதுதான் நடந்தது. ஆனால் நம் பக்கத்தில் யோசிக்க வேண்டியது ஒன்று உண்டு: இவ்வளவு கூர்மையான ஒரு மாணவன் கிறிஸ்தவ வகுப்பறையில் வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்தான், அவன் காதில் நின்றது இயேசு சொன்னதா, நாம் சொன்ன குறைகளா?

குடியாத்தத்திலிருந்து வருகிற ஒரு பையனிடம் வைகாசியில் நடக்கும் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். சிரசு ஊர்வலம் எந்தத் தெரு வழியாகப் போகும், வீட்டுக்கு யார் யார் வருவார்கள், சின்ன வயதில் யார் தோளில் உட்கார்ந்து பார்த்தான் என்று ஒரு மணி நேரம் சொல்வான். நடுவில் புகுந்து திருத்தாமல் கேளுங்கள். அவன் வீட்டில் பக்தி எப்படி இருக்கிறது என்று தெரியாமல் அவனிடம் கடவுளைப் பற்றி என்ன பேசிவிட முடியும்?

அரியர் போய்விடும் என்று வாக்குக் கொடுப்பது

நவம்பர் தேர்வு நெருங்கும்போது இது தொடங்கும். ‘ஜெபித்துக்கொள் தம்பி, கணக்குப் பேப்பர் பாஸ் ஆகிவிடும்.’ அவனுக்காக ஜெபியுங்கள், தாராளமாக. கூடவே உட்கார்ந்து அந்த இரண்டு யூனிட்டைச் சொல்லிக் கொடுங்கள். ஆனால் கடவுள் பெயரில் ரிசல்ட்டை முன்கூட்டியே அறிவிக்க நமக்கு யார் அதிகாரம் கொடுத்தது? ரிசல்ட் வந்து பெயில் என்று தெரிந்த அன்று அவன் உங்களைச் சந்தேகப்பட மாட்டான். கடவுளுக்குத் தன்னைப் பிடிக்கவில்லை என்று நினைப்பான். கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் இதே கதைதான்.

பிரியாணி

போடுங்கள். கூட்டத்தில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் என்று போடாதீர்கள்.

வழியில் இருப்பவனை மேடையில் ஏற்றுவது

மற்ற தவறுகளை நான் பொறுமையாகச் சொல்லித் திருத்துவேன். இதைப் பார்த்தால் மட்டும் இன்றைக்கும் கோபம் வருகிறது.

ஒடுகத்தூர் பக்கத்துக் கிராமத்துப் பையன், இரண்டாம் வருஷம். அதே கல்லூரியில் எம்.எஸ்சி. படித்த ஓர் அண்ணனோடு சனிக்கிழமை சாயங்காலம் லைப்ரரிக்குப் பின்னால் இருக்கும் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்து மாற்கு சுவிசேஷம் படித்துக்கொண்டிருந்தான். படிக்கப் படிக்க வரும் கேள்விகளை ரெக்கார்டு நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதிவைப்பான். அதில் ஒன்று எனக்கு இன்னும் நினைவிருக்கிறது: ‘குஷ்டரோகியைக் குணமாக்கிவிட்டு, யாருக்கும் சொல்லாதே என்று ஏன் சொல்கிறார்?’ நல்ல கேள்வி. இப்படிக் கேட்கிறவன் அவசரப்படாமல், உண்மையாகத் தேடுகிறவன். அந்த அண்ணனும் அவனை அவசரப்படுத்தவில்லை.

அந்தச் சமயத்தில் ஒரு சபையார் ஏலகிரியில் இரண்டு நாள் முகாம் வைத்தார்கள். நண்பர்கள் போகிறார்கள் என்று இவனும் போனான். இரண்டாம் நாள் இரவு பாட்டு, கண்ணீர், ‘யார் யார் தீர்மானம் எடுக்கிறீர்கள், கையை உயர்த்துங்கள்’ என்ற அழைப்பு. பக்கத்தில் இருந்தவர்கள் உயர்த்தினார்கள், இவனும் உயர்த்தினான். உடனே மேடைக்குக் கூப்பிட்டு மைக்கைக் கொடுத்தார்கள். அவன் என்ன பேசினான் என்று அவனுக்கே சரியாக நினைவில்லை. ஒருவர் போனில் படம் பிடித்தார். ‘இந்துக் குடும்பத்து வாலிபனைக் கர்த்தர் சந்தித்தார்’ என்று தலைப்புப் போட்டு, ஊர்ப் பெயரோடு, மலையிலிருந்து பஸ் இறங்குவதற்குள் குரூப் குரூப்பாக அனுப்பிவிட்டார்கள். கீழே வரிசையாக ஆமென், ஆமென்.

அன்று மாலையே அவன் அக்கா வீட்டுக்காரர் அந்த வீடியோவைப் பார்த்துவிட்டார். திங்கட்கிழமை காலை ஹாஸ்டல் வாசலில் அப்பாவும் பெரியப்பாவும் நின்றார்கள். தகவல் வந்து நானும் அந்த அண்ணனும் ஓடினோம். பெரியப்பா சத்தம் போட்டார். அப்பா போடவில்லை. “எங்களாண்ட ஒரு வார்த்தை சொல்லி இருக்கலாம் சார். ஊர்ல அத்தினி பேரும் பாத்த பிறகு நான் பாக்கறேன்” என்றார். பையன் “நைனா” என்று ஏதோ சொல்ல வந்தான். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டு, அவனுடைய பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டார்.

அன்றோடு ஹாஸ்டல் போயிற்று. தினமும் பஸ்ஸில் வந்து, மணி அடித்ததும் கிளம்பிப் போகிற மாதிரி ஆக்கிவிட்டார்கள். சனிக்கிழமை பெஞ்ச் நின்றது. அதே ஊர்ப் பக்கத்திலிருந்து வந்த மற்ற இரண்டு பேர் அந்த அண்ணனைக் கண்டாலே விலகிப் போனார்கள். நாங்கள் கூடிக்கொண்டிருந்த அறையைக் கல்லூரியிலும் மறுத்துவிட்டார்கள். இவ்வளவுக்கும் காரணமானவர்களிடம் போய்ச் சொன்னபோது, ‘உபத்திரவம் வரத்தான் செய்யும் பிரதர்’ என்று பதில் வந்தது. உபத்திரவம் அந்தப் பையனுக்கு வந்தது, அதுவும் அவன் கேட்காமலேயே. வீடியோ போட்டவர்களுக்கு வரவில்லை. இதை விசுவாசத்தின் விலை என்று சொல்லவே கூடாது. ஒருவன் தானே முடிவெடுத்து, தெரிந்து கொடுப்பதுதான் விலை.

அந்தத் தகப்பனை நான் குறை சொல்ல மாட்டேன். தன் மகன் வாழ்க்கையில் இவ்வளவு பெரிய விஷயம் நடப்பது தனக்குக் கடைசியாகத் தெரிகிறது என்றால் எந்த அப்பாவுக்குப் பொறுக்கும்? நம் வீட்டுப் பிள்ளைக்கு இப்படி நடந்தால் நாம் வாசலில் போய் நிற்க மாட்டோமா?

யூதர்களின் தலைவர்களில் ஒருவனான நிக்கொதேமு இயேசுவிடம் இரவில் வந்தான் என்று யோவான் சுவிசேஷம் சொல்கிறது. பகலில் வா, எல்லாருக்கும் முன்னால் வா என்று இயேசு அவனிடம் சொல்லவில்லை. வந்த நேரத்தில் உட்கார்ந்து பேசினார். அதே மனிதன் பிறகு ஆலோசனைச் சங்கத்தில் அவருக்காக ஒரு நியாயம் கேட்கிறான். கடைசியில் அவரை அடக்கம் பண்ணுவதற்குக் கந்தவர்க்கம் சுமந்து வருகிறான். மூன்றாம் அதிகாரத்திலிருந்து பத்தொன்பதாம் அதிகாரம் வரைக்கும் அவனுக்கு நேரம் கொடுக்கப்பட்டது. நாம் ஒரு ராத்திரிகூடக் கொடுப்பதில்லை.

இதற்கு வேர் எங்கே என்று எனக்குத் தெரியும். மாத அறிக்கையில் ‘எத்தனை பேர்’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. பணம் கொடுக்கிறவர்கள் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். அதனால் புதிதாக வருகிறவர்களிடம் நான் கண்டிப்பாகச் சொல்வது இதுதான். உயர்ந்த கைகளை எண்ணி அறிக்கையில் எழுதாதீர்கள். தேடிக்கொண்டிருக்கிற மாணவன் இருக்கும் இடத்தில் போன் கேமராவை எடுக்கவே வேண்டாம். பெயர், ஊர், கல்லூரி எதையும் ஜெபக்குறிப்பில்கூடப் போடாதீர்கள். வீட்டில் சொல்வது அவன் வேலை, அவன் நேரம், அவன் வார்த்தை. ஞானஸ்நானப் பேச்சை நீங்கள் எடுக்காதீர்கள். அவனாகக் கேட்டாலும் ‘வீட்டில் பேசினாயா’ என்று கேளுங்கள். முகாமுக்கு வருகிறவன் வீட்டில் ‘டூர்’ என்று சொல்லிவிட்டு வருகிறான் என்று தெரிந்தால் அவனை அழைத்துப் போகவே கூடாது. எங்கே போகிறான், யார் நடத்துகிறார்கள், எப்போது திரும்புவான் என்பது பெற்றவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இன்டர்னல் மார்க்கைக் கையில் வைத்துக்கொண்டு அழைப்பது

விசுவாசிகளான விரிவுரையாளர்களுக்கு இது. உங்கள் வகுப்பு மாணவனை ஜெபக்கூட்டத்துக்கு வா என்று நீங்கள் எவ்வளவு அன்பாகக் கூப்பிட்டாலும் அவன் காதில் விழுவது வேறு. அவனுடைய இன்டர்னல் உங்கள் கையில், அட்டென்டன்ஸ் உங்கள் கையில். அவன் வருவான், தலையாட்டுவான், பாட்டும் பாடுவான். அதில் எது உண்மை என்று உங்களுக்கு ஒருநாளும் தெரியாது. உங்கள் பாடத்தை அவன் முடிக்கும்வரை பொறுங்கள். அதுவரைக்கும் நேர்மையாக மார்க் போடுவதும் பாரபட்சம் இல்லாமல் நடத்துவதும் போதும்.

சட்டத்தை அரைகுறையாகத் தெரிந்துகொள்வது

‘அரசியல் சாசனம் 25-வது பிரிவு உரிமை கொடுத்திருக்கிறது’ என்று மட்டும் தெரிந்துகொண்டு வருகிறார்கள். சரி, மதத்தைக் கடைப்பிடிக்கவும் பரப்பவும் அது உரிமை தருகிறது. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டுத்தான் தருகிறது. பரப்பும் உரிமை என்றால் இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அல்ல என்று 1977-ல் ஸ்டானிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. தமிழ்நாட்டில் 2002-ல் கட்டாய மதமாற்றத் தடைச் சட்டம் வந்து, 2004-ல் விலக்கப்பட்டது. அதனால் எதுவும் செய்யலாம் என்று அர்த்தம் இல்லை.

28-வது பிரிவை யாரும் படிப்பதில்லை. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிலையத்தில் மத போதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் நிலையத்திலும் மாணவனின் சம்மதம் இல்லாமல் அவனை மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ள வைக்கக் கூடாது. அவன் மைனர் என்றால் காப்பாளரின் சம்மதம் வேண்டும். முதல் வருஷத்தில் பதினேழு வயதுப் பிள்ளைகள் நிறைய இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடாதீர்கள். அரசுக் கல்லூரி மாணவர்களைச் சந்திக்க வேண்டுமா? மாணவர்களே விரும்பி, வகுப்பு முடிந்து, வளாகத்துக்கு வெளியே கூடட்டும்.

பெண் பிள்ளைகளிடம் ஆண்கள் பேசப் போவது

போகாதீர்கள். அக்காமார் பார்த்துக்கொள்வார்கள்.

தமிழ் தெரியாதவர்களை மறப்பது

காட்பாடிப் பக்கம் ஆந்திரா, கேரளா, பீகார், வடகிழக்கு என்று எங்கிருந்தெல்லாமோ வந்து படிக்கிறார்கள். மிசோரம், நாகாலாந்துப் பிள்ளைகளைப் பார்த்ததும் ‘இவர்கள் ஏற்கனவே கிறிஸ்தவர்கள்’ என்று தாண்டிப் போய்விடுகிறோம். அவர்களுக்கு முதலில் வேண்டியது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட ஒரு வீடு. ஞாயிற்றுக்கிழமை மதியம் உங்கள் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். காரத்தைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்.

‘வேண்டாம்ணா’ என்றவனை விட்டுவிடுவது

சில மாதம் பேசிப் பழகிய பிறகு ஒருவன், “எனக்கு இதெல்லாம் வேண்டாம்ணா” என்று தெளிவாகச் சொல்லிவிடுவான். மறுவாரம் முதல் அவனுக்கு நம்மிடமிருந்து போன் வராது. அடுத்தவனைத் தேடிப் போய்விடுவோம். அப்படியானால் அதுவரை காட்டிய நட்பு எதற்காக என்று அவன் யோசிக்க மாட்டானா? அவனிடம் மறுபடி மதப் பேச்சை எடுக்காதீர்கள், கேட்டுக்கொண்டபடி நிறுத்திவிடுங்கள். ஆனால் அவன் அம்மா சி.எம்.சி. மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு அட்மிட் ஆகியிருந்தால் முன்பு போலவே போய்ப் பாருங்கள். ரத்தம் வேண்டும் என்றால் ஆள் சேர்த்துக் கொடுங்கள். ராத்திரி துணைக்கு இருக்க ஆள் இல்லை என்றால் நீங்கள் இருங்கள்.