அம்பாசடர் 1489 சிசி பெட்ரோல் என்ஜின்: வால்வு மாற்றும் முறை

கம்ப்ரஷன் (பிஸ்டன் அமுக்கும்போது வரும் அழுத்தம்) குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளந்து பாருங்கள். அளவு ஏறினால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் பெரும்பாலும் வால்வுதான் (சிலிண்டர்களின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் உள்ள கேஸ்கெட் போயிருந்தாலும் இப்படித்தான் காட்டும்).

முதலில் ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிடுங்கள். வால்வை அமுக்கித் திறக்கும் ராக்கர்களின் ஷாஃப்டைத் தாங்கும் ஸ்டட்களில் நான்கு ஹெட்டையும் சேர்த்துப் பிடித்திருப்பவை. அதனால் ராக்கரை மட்டும் கழற்றுவதானாலும் ஹெட் நட் அத்தனையையும் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்த வேண்டும். இல்லையென்றால் ஹெட் கோணிக்கொள்ளும். ராக்கரைத் தள்ளும் கம்பிகளான புஷ்ராடுகளை ஒரு அட்டையில் எட்டு ஓட்டை போட்டு வரிசை மாறாமல் குத்தி வையுங்கள்.

வால்வுகளை முன்பக்கத்திலிருந்து எண்ணினால் 1, 4, 5, 8 எக்ஸாஸ்ட் (புகை வெளியேறுவது). 2, 3, 6, 7 இன்லெட் (பெட்ரோல் கலவை உள்ளே வருவது). 4-ம் 5-ம் ஒரே போர்ட்டில் (ஹெட்டுக்குள் உள்ள வழியில்) புகை தள்ளுவதால் அங்கே சூடு அதிகம். கருகிய வால்வைத் தேடும்போது முதலில் அந்த இரண்டையும் பாருங்கள்.

பலரும் சறுக்குவது வேலையின் வரிசையில்தான். கைடு (வால்வுத் தண்டு ஏறி இறங்கும் குழாய்), பிறகு சீட் (வால்வு உட்காரும் விளிம்பு), கடைசியில் வால்வு என்றுதான் போக வேண்டும். தேய்ந்த கைடில் புது வால்வைப் போட்டால் அது ஆடி ஆடி உட்காரும், சீட் நீள்வட்டமாகும், சில மாதத்தில் மறுபடி கருகும். சீட் கட்டரை நேராகப் பிடிக்கும் கம்பியான பைலட்டும் கைடுக்குள்தான் நிற்கிறது. கைடு கோணல் என்றால் சீட்டும் கோணல். பழைய கைடைத் தட்டி எடுக்கும் முன், அது ஹெட்டுக்கு மேல் எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்து குறித்துக்கொள்ளுங்கள்.

சீட் கோணம் 45 டிகிரி. பழைய ஹெட்டில் சீட் வார்ப்பிரும்பிலேயே நேராக வெட்டப்பட்டது. 2000-ல் நாடு முழுக்க ஈயம் கலந்த பெட்ரோல் நின்ற பிறகு, எக்ஸாஸ்ட் சீட் அடிவாங்கி உள்ளே இறங்குவது இந்த என்ஜின்களில் தெரிந்த கோளாறு. டேப்பட் இடைவெளி (ராக்கருக்கும் வால்வுத் தண்டுக்கும் நடுவில் விடும் இடம்) அடிக்கடி குறைந்துகொண்டே வந்தால் அதுதான் அடையாளம். லேத் பட்டறையில் நான்கு எக்ஸாஸ்டுக்கும் கடினமான சீட் ரிங் போட்டுவிடுங்கள். இதில் சிக்கனம் பார்ப்பது வீண்.

கிரைண்டிங் பேஸ்ட் சீட்டைச் சரிசெய்யும் மருந்தல்ல, வெட்டியது சரியா என்று பார்ப்பதற்குத்தான். லேசாகத் தேய்த்ததும் சுற்றிலும் உடையாமல், ஏறக்குறைய 1.5 மிமீ அகலத்தில் சாம்பல் வளையம் விழ வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் புது வால்வில் பள்ளம்தான் விழும். பேஸ்டை மண்ணெண்ணெயால் சுத்தமாகக் கழுவுங்கள். மிஞ்சிய துகள் கைடைத் தின்னும். மாட்டிய பிறகு போர்ட்டில் பெட்ரோல் ஊற்றிப் பார்த்தால் கசிவு தெரிந்துவிடும்.

வால்வுத் தண்டின் ரப்பர் வளையம் எட்டும் புதிதாகவே இருக்கட்டும். ஆயிலில் ஊறவைத்து, ஸ்பிரிங்கை அமுக்கிய பின் வளையத்தைச் செருகி, அதன் மேல் ஸ்பிரிங் மூடியைத் தண்டோடு பிடிக்கும் லாக் போடுங்கள். ஸ்பிரிங் மூடிக்கு முன்னாலேயே செருகினால் வளையம் பிய்ந்துபோகும். பிறகு நீலப் புகைதான்.

ஹெட் நட்டை நடுவிலிருந்து வெளியே, இரண்டு மூன்று சுற்றாக 40 அடி-பவுண்டு (54 நியூட்டன் மீட்டர்) வரை இறுக்குங்கள். ராக்கரின் சிறு நட்டுக்கு 25 அடி-பவுண்டு போதும். டேப்பட் இடைவெளி 0.015 அங்குலம், அதாவது 0.38 மிமீ. கணக்கு ஒன்பது, அதாவது திறந்த வால்வின் எண்ணும் நீங்கள் வைக்கும் வால்வின் எண்ணும் கூட்டினால் ஒன்பது வர வேண்டும்: 1-ம் வால்வு முழுதாகத் திறந்திருக்கும்போது 8-ன் இடைவெளியை வையுங்கள், 3 திறந்தால் 6, 2 திறந்தால் 7. சுமார் 500 கிமீ ஓடியதும் ஹெட் நட்டை மறுபடி இறுக்குங்கள். இறுக்கியதும் இடைவெளி மாறியிருக்கும். எட்டு டேப்பட்டையும் திரும்ப வையுங்கள்.