2¹²⁷ - 1 பகா எண்தானா? லேப்டாப்பில் நீங்களே சோதிக்கலாம்

170141183460469231731687303715884105727. மொத்தம் 39 இலக்கம். 127 இரண்டுகளைப் பெருக்கி 1ஐக் கழித்தால் கிடைக்கும் மெர்சென் எண் இது. இது பகா எண் என்று பிரெஞ்சுக் கணிதர் எதுவார் லூகாஸ் 1876இல், கணினி இல்லாமலே நிறுவினார். 1951 வரை தெரிந்த பகா எண்களில் இதுதான் பெரியது. அவர் வழியில் வந்த சோதனையை பைத்தான் நிரல்மொழியில் செய்ய எனக்கு ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. உங்களுக்குப் பத்து நிமிடம் போதும்.

ஒவ்வோர் எண்ணாக வகுத்துப் பார்க்கும் யோசனையை விட்டுவிடுங்கள். ஒற்றைப்படை எண்களால் மட்டும், வினாடிக்கு 1 கோடி முறை வகுத்தாலும் 20,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். எக்செலும் வேண்டாம், 15 இலக்கத்துக்கு மேல் பூஜ்யம் போட்டுவிடும். வெறும் பைத்தான் ஷெல் போதும். எத்தனை இலக்கமானாலும் முழு எண்ணை அப்படியே வைத்துக்கொள்ளும்.

படி 1: ம = 2**127 - 1 என்று அடியுங்கள். (மாறிக்குத் தமிழ் எழுத்தே வைக்கலாம், பைத்தான் 3 ஏற்கும்.) பள்ளிப் பழக்கத்தில் 2^127 - 1 என்று அடித்தால் 124 வரும். அந்தக் குறிக்கு பைத்தானில் வேறு வேலை.

படி 2: எ = 4.

படி 3: எ = (எ*எ - 2) % ம. (% என்றால் வகுத்து வரும் மீதி.) இதை ஒரு லூப்பில் போட்டு 125 முறை ஓட்டுங்கள். அடுக்கு 127, அதில் 2 குறைவு.

நான் மாட்டிக்கொண்டது இந்தப் படியில்தான். மீதி எடுப்பதை லூப்புக்கு வெளியே, கடைசியில் ஒரே தடவையாக வைத்திருந்தேன். விடை மாறாதே, அப்புறம் என்ன என்று நினைப்பு. விடை மாறாதுதான், ஆனால் வரவே வராது. ஒவ்வொரு சுற்றிலும் வர்க்கம் எடுப்பதால் இலக்கங்கள் இரட்டிக்கும். 30ஆவது சுற்றில் 61 கோடி இலக்கம்! லேப்டாப் விசிறி கத்திக் கத்தி, கடைசியில் நானே பவர் பட்டனை அமுக்கினேன். சுற்றுக்குச் சுற்று மீதி எடுத்தால் எண் 39 இலக்கத்தைத் தாண்டி நிற்காது.

சந்தேகமிருந்தால் 31ஐ வைத்துத் தாளில் போட்டுப் பாருங்கள். அடுக்கு 5, ஆகவே 3 சுற்று: 4, 14, 8, 0. கடைசியில் 0 வந்தால் பகா எண். அடுக்கு 11க்கு 2047. அங்கே 1736 மிஞ்சும். 2047 = 23 × 89.

0 வராவிட்டால் பகா எண் இல்லை என்று மட்டும் தெரியும், காரணி தெரியாது. 2⁶⁷ - 1 பகா எண் இல்லை என்று லூகாஸ் அதே 1876இல் சொல்லிவிட்டார். 193707721 × 761838257287 என்று அதை உடைத்துக் காட்ட 1903இல் ஃபிராங்க் நெல்சன் கோல் வர வேண்டியிருந்தது.

பின்சேர்க்கை: அடுக்கு 2 கொடுத்தால் 3ஐப் பகா எண் இல்லை என்கிறதே என்று ஒருவர் கேட்டிருந்தார். சரிதான், இந்தச் சோதனை ஒற்றைப்படைப் பகா அடுக்குகளுக்கு மட்டும். 2ஐத் தனியாகக் கவனியுங்கள்.

இன்னொருவருக்கு 2¹⁹⁹³⁷ - 1ஐ அச்சிடும்போது பிழை வந்ததாம். அதில் 6002 இலக்கம். பைத்தான் 3.11 முதல் 4300 இலக்கத்துக்கு மேல் அச்சிட மறுக்கும். கணக்குக்கு அதனால் பாதிப்பில்லை. ம-வை அச்சிடாமல், எ பூஜ்யமா என்று மட்டும் கேளுங்கள்.