கிறிஸ்துமஸ் என்று சொல்லலாமா? டிசம்பர் விளம்பரங்களில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் நவம்பர் பிறந்தால் கடைக்காரர்களுக்குப் பழைய கேள்வி ஒன்று திரும்ப வந்துவிடும். விளம்பரத்தில் 'மெர்ரி கிறிஸ்துமஸ்' என்று போடுவதா, 'ஹேப்பி ஹாலிடேஸ்' என்று பொதுவாகப் போடுவதா? ஆண்டு முழுவதும் நடக்கும் சில்லறை விற்பனையில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு நவம்பர், டிசம்பரில்தான் நடக்கிறது. அந்த நேரத்தில் யாரையும் பகைத்துக்கொள்ளக் கூடாது என்ற பயம் வருவது இயல்பு. ஆனால் பயத்தில் எடுக்கும் முடிவுகள்தான் கடைகளைச் சிக்கலில் மாட்டிவிடுகின்றன. என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கிறிஸ்துமஸுக்கான பொருளை விற்பவர் அந்தப் பெயரைச் சொல்லியே விற்க வேண்டும்.

பெரிய தவறு, பொருளைக் கடையில் வைத்துக்கொண்டு பெயரை மட்டும் மறைப்பது. லோஸ் என்ற வீட்டு உபயோகப் பொருள் நிறுவனம் 2007இல் தன் கேட்டலாகில் கிறிஸ்துமஸ் மரங்களைக் 'குடும்ப மரங்கள்' என்று அச்சிட்டது. உச்சியில் நட்சத்திரம் வைத்து, அடியில் பரிசுகளை அடுக்குவதற்காக அந்த மரத்தை வாங்குகிறவருக்கு அது என்ன மரம் என்று தெரியாதா? எதிர்ப்பு கிளம்பியதும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. கிறிஸ்தவர்கள் மனம் வருந்தியதுதான் மிச்சம். மற்ற மதத்தவருக்கு இதனால் ஏதாவது நன்மை உண்டா என்றால் அதுவும் இல்லை. மரம் வேண்டாம் என்றிருக்கும் ஒரு யூதக் குடும்பம், பெயரை மாற்றியதால் அதை வாங்கிவிடப் போவதில்லை.

இந்த வியாபாரக் காலத்தையே கிறிஸ்துமஸை வைத்துத்தான் கடைகள் உருவாக்கின என்பதையும் மறக்கக் கூடாது. நியூயார்க்கின் மேசிஸ் கடை நடத்தும் நன்றி நவிலல் நாள் (தாங்க்ஸ்கிவிங்) ஊர்வலத்துக்கு, 1924இல் தொடங்கியபோது 'கிறிஸ்துமஸ் ஊர்வலம்' என்றே பெயர். நன்றி நவிலல் நாள் அப்போதெல்லாம் நவம்பரின் கடைசி வியாழன், கிறிஸ்துமஸ் வியாபாரம் சூடுபிடிப்பது அதற்குப் பிறகுதான். 1939 நவம்பரில் ஐந்து வியாழக்கிழமைகள் வந்தன. கடைசி வியாழன் வரை காத்திருந்தால் கிறிஸ்துமஸ் வியாபாரத்துக்கு நாள் போதாது என்று கடைக்காரர்கள் முறையிட, அதிபர் ரூஸ்வெல்ட் நன்றி நவிலல் நாளையே 30ஆம் தேதியிலிருந்து 23ஆம் தேதிக்கு மாற்றினார். பாதி மாநிலங்கள் ஏற்கவில்லை, பெரிய குழப்பம். கடைசியில் 1941இல் நான்காவது வியாழன் என்று நாடாளுமன்றம் சட்டம் போட்டது. காலண்டரையே மாற்ற வைத்த பண்டிகை, விளம்பரத்தில் பெயர் சொல்லக்கூட ஆகாததாகிவிட்டது என்றால் எப்படி?

அடுத்த தவறு, சீசன் நடுவில் தடுமாறுவது. டார்கெட் நிறுவனம் 2004இல், மணியடித்து நன்கொடை திரட்டும் இரட்சணிய சேனையினரைத் தன் கடை வாசல்களில் நிற்க விடவில்லை. மறு ஆண்டு விளம்பரங்களில் கிறிஸ்துமஸ் என்ற சொல் இல்லை என்று அமெரிக்கன் ஃபேமிலி அசோசியேஷன் என்ற கிறிஸ்தவ அமைப்பு அந்தக் கடையைப் புறக்கணிக்கச் சொன்னது. டிசம்பரில் நிறுவனம் இறங்கி வந்தது. அதே 2005இல் வால்மார்ட்டுக்கு வேறு விதமான தலைவலி. குறைசொல்லி எழுதிய ஒரு வாடிக்கையாளருக்கு, கிறிஸ்துமஸ் வழக்கங்கள் எந்தெந்தப் பழங்குடி மரபுகளிலிருந்து வந்தவை என்று ஓர் ஊழியர் மின்னஞ்சலில் பாடம் நடத்திவிட்டார். கத்தோலிக்க லீக் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தது, வால்மார்ட் மன்னிப்புக் கேட்டது, 2006இல் மெர்ரி கிறிஸ்துமஸுக்கே திரும்பியது. முன்கூட்டியே யோசித்து எடுத்த முடிவு என்றால் விளக்கம் சொல்லி நிற்கலாம். மிரட்டலுக்குப் பிறகு மாற்றினால் ஒரு தரப்புக்குத் தோற்றவராகவும் இன்னொரு தரப்புக்குக் கோழையாகவும் தெரிவீர்கள். கோடையிலேயே முடிவு செய்துவிடுங்கள், அச்சுக்குப் போகும் முன். அப்புறம், குறை சொல்லி வரும் கடிதத்துக்குச் சரித்திரப் பாடத்தால் பதில் எழுதாதீர்கள்.

சட்டம் தடுக்கிறது என்று நினைப்பவர்களும் இருக்கிறார்கள். மதச் சார்பு காட்டக் கூடாது என்று அமெரிக்க அரசியல் சாசனத்தின் முதல் திருத்தம் கட்டுப்படுத்துவது அரசைத்தான். தனியார் கடை தன் ஜன்னலில் எந்தப் பண்டிகையை வேண்டுமானாலும் கொண்டாடலாம். வழக்குகள் வந்ததெல்லாம் நகராட்சி போன்ற அரசு அமைப்புகள் மீது. ரோட் ஐலண்டின் பாட்டக்கெட் நகராட்சி, கடைவீதி வியாபாரிகள் சங்கத்தோடு சேர்ந்து வைத்த கிறிஸ்துமஸ் அலங்காரத்தில் மாட்டுத்தொழுவக் குடிலும் இருந்தது. உச்ச நீதிமன்றம் 1984இல் 5க்கு 4 என்ற கணக்கில் அதைக்கூட அனுமதித்தது.

கிறிஸ்தவர் அல்லாதவர் புண்படுவார் என்ற பயமும் பெரும்பாலும் கற்பனைதான். பியூ ஆய்வு மையம் 2012இல் ஆசிய அமெரிக்கர்களிடம் நடத்திய ஆய்வில், இந்துக்களில் 73 சதவீதம் பேர் கிறிஸ்துமஸ் கொண்டாடுவதாகச் சொன்னார்கள். நியூஜெர்சி தமிழ்க் குடும்பங்களைத் தெரிந்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இருக்காது. பிள்ளைகளுக்காக ஹாலில் மரமும் இருக்கும், பூஜை அறையில் விளக்கும் எரியும். அதே மையத்தின் 2017 ஆய்வில், கடை எந்த வாழ்த்தைச் சொன்னாலும் பரவாயில்லை என்றவர்கள் 52 சதவீதம். மெர்ரி கிறிஸ்துமஸ்தான் வேண்டும் என்றவர்கள் 32 சதவீதம். ஆக, சத்தம் போடுகிறவர்களை வைத்து வாடிக்கையாளர்களை எடைபோட முடியாது. 2015இல் ஸ்டார்பக்ஸ் காபிக் கடை, வழக்கமான பண்டிகைப் படங்கள் இல்லாத சிவப்புக் கோப்பையை வெளியிட்டபோது கிறிஸ்துமஸை ஒழிக்கிறார்கள் என்று ஊரே பேசியது. கிறிஸ்துமஸ் பெயரிலேயே ஒரு காபித்தூள் அந்தக் கடைகளில் விற்பனைக்கு இருந்தது.

எல்லோரையும் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நடக்கும் தவறு ஒன்றும் உண்டு. ஹனுக்கா, குவான்சா என்று பெயர்களை அடுக்கிவிட்டால் போதும் என்று நினைப்பது. ஹனுக்கா யூதர்களின் பண்டிகை, அவர்கள் நாட்காட்டிப்படி வருவது, தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். 2013இல் அது நன்றி நவிலல் நாளோடு சேர்ந்து வந்தது. 2021இல் டிசம்பர் 6ஆம் தேதியே முடிந்துவிட்டது. அந்த ஆண்டு டிசம்பர் 15இல் 'ஹனுக்கா தள்ளுபடி' என்று பேனர் கட்டியிருந்தால், அந்தப் பண்டிகையைப் பற்றி நமக்குக் கவலையே இல்லை என்று ஊருக்குச் சொன்னது போலத்தான். 2007இல் நியூயார்க்கில் ஒரு மளிகைக் கடை, பன்றித் தொடை இறைச்சியை 'ஹனுக்காவுக்கு அருமை' என்று எழுதி வைத்தது. யூத உணவு விதிகளில் பன்றி விலக்கு என்று ஒருவரிடம் கேட்டிருந்தாலே தெரிந்திருக்கும். குவான்சா 1966இல் தொடங்கிய ஆப்பிரிக்க அமெரிக்கர் விழா. அது ஆரம்பிப்பதே டிசம்பர் 26இல். ஒரு பண்டிகையின் பெயரைச் சொல்வதென்றால் அதற்கான பொருள் கடையில் இருக்க வேண்டும், தேதி சரியாக இருக்க வேண்டும். 2009 நன்றி நவிலல் விளம்பரத்தில் பெஸ்ட் பை என்ற மின்னணுப் பொருள் கடை பக்ரீத் வாழ்த்து போட்டது. சிலர் கொதித்தார்கள். ஆனால் அந்த ஆண்டு பக்ரீத் நவம்பர் 27, அதாவது மறுநாளேதான். அது முறையாகச் செய்த வாழ்த்து என்றே நான் சொல்வேன்.

பெயரைச் சொல்லலாம் என்பதால் புனிதமானதையெல்லாம் விளையாட்டாக்கலாம் என்று ஆகாது. பிரிட்டனில் கிரெக்ஸ் என்ற பேக்கரி நிறுவனம் 2017இல், குடிலில் குழந்தை இயேசு இருக்க வேண்டிய இடத்தில் தன் சாசேஜ் ரோலை (இறைச்சி வைத்த பேஸ்ட்ரி) வைத்து விளம்பரப் படம் எடுத்தது. மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மரம், நட்சத்திரம், சாண்டா, கேக் என்று எத்தனையோ இருக்கும்போது குடிலில் கை வைக்காமல் இருப்பதே மரியாதை.

பொதுவான வாழ்த்தே கூடாது என்று நான் சொல்லவில்லை. நன்றி நவிலல் முதல் புத்தாண்டு வரைக்குமான விளம்பரத்துக்கு, யாருக்கும் கொடுக்கக்கூடிய பரிசு அட்டைக்கு 'ஹேப்பி ஹாலிடேஸ்' பொருத்தமானதுதான். கல்லாவில் நிற்கும் ஊழியருக்கும் இந்த வாழ்த்துதான், அந்த வாழ்த்துதான் என்று எழுதிக் கொடுக்க வேண்டாம். வாடிக்கையாளர் சொல்லும் வாழ்த்தைச் சிரித்த முகத்தோடு திருப்பிச் சொல்ல அவருக்கு உரிமை கொடுத்தால் போதும். கதவில் ஒட்டும் அறிவிப்பில் மட்டும் 'ஹாலிடே, கடை கிடையாது' என்று மொட்டையாக எழுதாமல் 'டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் விடுமுறை' என்றே எழுதுங்கள். எந்த நாள் பூட்டியிருக்கும் என்று வருகிறவருக்குத் தெரிய வேண்டும் அல்லவா?